நுனியில் தேய்ந்த கருவி

திருச்சியில் கொள்ளிடத்துக்கென்று ஓர் அறிவிப்புப் பிரிவு இயங்கிவருகிறது. முக்கொம்பில் தண்ணீர் திறந்தால் கரையோர மக்களின் போனுக்குச் செயலி வழியாகச் செய்தி அனுப்புவது அதன் தலையாய கடமை. செய்தி தவறாமல் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் போய் ஆறு மணி நேரம் கழித்து.

மணல்திட்டில் ஆடு மேய்க்கும் பொன்னுத்தாய் நேரிலேயே வந்துவிட்டார்.

"ரெண்டு ஆடு போச்சு சார். மிச்சம் பதினொண்ணு இருக்கு. ஆடிக்குள்ள சரி பண்ணிக் குடுங்க."

கண்காணிப்பாளர் மாத்ருபூதம், ஒப்பந்தப் பொறியாளர் கலைமதியைப் பார்த்தார்.

"செயலியில பிழை இருக்கு சார், அதுக்கு ஒட்டுப் போடணும். ஒட்டுப் போடுற கருவி பழசாயிடுச்சு. கறுப்புத் திரையில ஒரு வரி அடிச்சா புதுசு இறங்கிடும். ரெண்டு நிமிஷ வேலை."

"பழசை ஸ்டோர்ல ஒப்படைச்சீங்களா?"

"சார், அது புரோகிராம்."

"இருக்கட்டும்மா. வெளக்கமாறே தேஞ்சதைக் குடுத்தாத்தான் புதுசு தர்றோம்."

கலைமதி பழைய கருவியைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு, ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர் கீப்பர் ஜெகபர் அலி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா தேஞ்சிருக்கு?"

"தேயலை பாய். பழசாயிடுச்சு, அவ்வளவுதான்."

"நல்லா இருக்கிற பொருளை நான் எப்படிக் கழிவுல சேர்க்கிறது? ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க."

'நுனியில் தேய்மானம்' என்று கலைமதி எழுதிக் கொடுத்தாள். அரக்கு முத்திரையிட்டுப் பெற்றுக்கொள்ளப்பட்டது.

மூன்று வாரத்தில் புதுக் கருவியின் 4.1-ஆம் பதிப்புக்கு அனுமதி வந்தது. அதற்குள் 4.2 வெளிவந்திருந்தது.

"4.1-ல ஒட்டுப் போட்டா இப்ப செயலி ஏத்துக்காது சார்."

"ஆர்டர் 4.1-க்குத்தானே வந்திருக்கு? அதை வாங்கி, தேய வெச்சு, ஒப்படைச்சுட்டு 4.2 கேளுங்க. யாரு வேண்டாம்னா?"

ஒரு மதியம் முழுக்க 4.1 தேய்க்கப்பட்டது. ஆனி கடைசியில் 4.2 வந்தது, ஒட்டும் போட்டாயிற்று. ஆடி பிறந்து முக்கொம்பில் தண்ணீர் திறந்த அதே நொடியில் செய்தி புறப்பட்டது. பிரிவில் கேசரி வழங்கப்பட்டது.

மறுநாள் காலையில் பொன்னுத்தாய் வந்து நின்றார்.

"நாலு ஆடு போச்சு சார்."

கலைமதி அவர் போனை வாங்கிப் பார்த்தாள். செயலியின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போது போடவா, பிறகா என்று கேட்டிருந்தது. பிறகு என்று அமுக்கியிருந்தார்.

"நல்லாத்தானே இருக்கு, அதைப் போய் எதுக்கு நோண்டணும்னு விட்டுட்டேன்."

"இந்த ஜனங்களை வெச்சுக்கிட்டு நாம என்னதான் பண்றது!" என்று மாத்ருபூதம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மொத்தம் எத்தனை பேரும்மா போட்டிருக்காங்க?"

கலைமதி கணக்கைத் திறந்தாள்.

"ஒன்பதாயிரத்துல ஒண்ணு சார். அதுவும் நாம சோதனைக்கு வெச்சிருக்கிற ஆபீஸ் போன்."

மாத்ருபூதம் மேசைமேல் இருந்த தன் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தார். கலைமதி தன்னுடையதைக் கைப்பையில் போட்டாள். கையெழுத்து வாங்க வந்திருந்த ஜெகபர் அலி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பொன்னுத்தாய் அங்கேயே நின்றபடி இப்போது என்று அமுக்கினார். மீதி ஏழு ஆடு இருந்தது. மற்ற மூவரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய், வைஃபையில் போட்டுக்கொள்வதாக இருந்தார்கள்.