வழியனுப்ப வந்தவன் காணாமல் போன விவரம்

அன்புள்ள தங்கைக்கு, உன் அண்ணன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அண்ணியும் பையனும் சுகம். இது உன் கைக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளையும் பெட்டிகளைப் பிரித்து, குளிருக்குப் பழகி, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முகவரியை அண்ணியின் டைரியிலிருந்து அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். கேட்டால் கொடுத்திருப்பாள். கூடவே ஏன் என்றும் கேட்டிருப்பாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றி அண்ணன் வராமலே இருந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டுதான் நீ இன்று விமானம் ஏறியிருப்பாய். அது தப்பு. நான் வந்தேன்.

வேலை கிடைத்து, விசா வந்து, வீட்டைக் காலி செய்யும் தேதியும் குறித்த பிறகு கடைசியாக எனக்குச் சொன்னாய். பால்காரருக்குக்கூட எனக்கு முன்னால் தெரிந்திருந்தது. அந்த ஆத்திரத்தில்தான், "போறதா இருந்தா போ, நான் ஏர்போர்ட் பக்கம்கூட வர மாட்டேன்" என்று கத்தினேன். ஒன்பது வருஷமாக ஏர்போர்ட்டுக்கு அடியிலேயே ரயில் நிலையப் பொறுப்பாளனாக இருந்துகொண்டு, தினமும் காலை ஏழு மணிக்கு அங்கே போய் நிற்கிறவன் பேசுகிற பேச்சா அது? நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்து, மாப்பிள்ளையின் நம்பரை போனிலிருந்து அழித்துவிட்டேன். உன் நம்பரோ இன்று காலையிலிருந்து உபயோகத்தில் இல்லை என்கிறது.

ஐந்து மணி விமானம் என்பது மட்டும் தெரியும். இரண்டு மணிக்குள் வாசலில் நின்றால் நீங்கள் உள்ளே போகும்போது பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, விசாரணைக் கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் நிலையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒன்றே முக்காலுக்குப் புறப்பட்டேன். நிலையத்திலிருந்து மேலே புறப்பாட்டு வாசலுக்கு ஆறு நிமிஷ நடை. ஆனால் சீருடை போட்டவனுக்கு அது ஆறு நிமிஷ நடை இல்லை என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். நகரும் படியில் கால் வைத்ததுமே ஒருவர் கழிப்பறை எங்கே என்றார். காட்டினேன். பதினோரு பெட்டியோடு வந்த ஒரு குடும்பம் இரண்டாவது முனையம் எந்தப் பக்கம் என்றது. இடது பக்கம் என்றேன். நம்பாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததால் கூடவே போய் விட்டுவிட்டு வந்தேன். இன்னொருவர், தன் மச்சினரை வரவேற்றுக் கூட்டி வரும்வரை ரயிலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்லவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

இது சரிப்படாது என்று ஒரு மூலைக்குப் போய், நீ பார்க்க வேண்டும் என்பதற்காகப் பையில் கொண்டுவந்திருந்த வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டேன். பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு மனிதர் கையில் முழ நீள இரும்புக் கரண்டியோடு வந்து நின்றார். நான் சீருடையைக் கழற்றியதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சமையல்காரராம். வெளிநாட்டில் முதல் வேலையாம். கைப்பையில் இருந்த கரண்டியைச் சோதனையில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பெரிய பெட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. மனைவி வழியனுப்பிவிட்டு ரயிலுக்கு இறங்கிப் போய்விட்டாள். "எங்கப்பா கையில இருந்ததுங்க. குப்பைத் தொட்டியில போடுங்கறாங்க. மனசு வரல. அவ சிவப்புப் பை வச்சிருப்பா. குடுத்துடுறீங்களா?" என்றார். அவருக்கும் நேரமில்லை, எனக்கும் நேரமில்லை. எனக்குத் தங்கையைப் பார்க்கணும் என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும், வாங்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

பிளாட்பாரத்தில் சிவப்புப் பையோடு நாலு பெண்கள். கரண்டியும் கையுமாக ஓடிவருகிறவனைப் பார்த்து முதல் இரண்டு பேர் ஒதுங்கினார்கள். மூன்றாமவள் கணவனைக் கூப்பிட்டாள். நாலாவது பெண் மட்டும் கரண்டியைப் பார்த்த மாத்திரத்தில் அழ ஆரம்பித்தாள். சரியான ஆள் என்று தெரிந்துகொண்டேன். ஏறச் சொன்னால் ஏறாமல், அவர் சாப்பிட்டாரா, என்ன சொன்னார், முகம் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே நிற்கிறாள். அந்த ரயில் போய், அடுத்தது வந்து, அவளை உட்கார வைத்துவிட்டு நான் திரும்ப மேலே போனபோது மணி இரண்டரை தாண்டிவிட்டது.

இப்போது சீருடை இல்லாததால் வாசல் காவலர் விடவில்லை. டிக்கெட் கேட்டார். தங்கை போகிறாள் என்றேன். எந்த விமானம் என்றார். ஐந்து மணி விமானம் என்றேன். ஐந்து மணியைச் சுற்றி நாலு இருக்கிறது, எந்த வழியாகப் போகிறார்கள் என்றார். எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்ல வந்த அன்றைக்குத்தான் நான் கத்திக்கொண்டிருந்தேனே. காவலர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் கண்ணாடிகிட்ட நின்னு பாருங்க சார், வரிசை தெரியும்" என்றார்.

நின்றேன். வரிசையில் உன் நடை, உன் கொண்டை, உன்னைப் போலவே ஒரு தோளைச் சாய்த்துப் பை மாட்டிக்கொண்டு ஒருத்தி. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் திரும்பினாள். நீ இல்லை. கையை இறக்கக் கூச்சமாக இருந்தது, அப்படியே ஆட்டிக்கொண்டே நின்றேன். அந்தப் பெண்ணை வழியனுப்ப யாரும் வரவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் தயங்கிவிட்டு அவளும் கையை ஆட்டினாள். உள்ளே திரும்பிப் போகிற இடத்தில் நின்று இன்னொரு முறை ஆட்டினாள். உனக்கு ஆட்ட வேண்டிய கையை யாருக்கோ ஆட்டிவிட்டு மூன்றரைக்குக் கீழே இறங்கி வந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. கடைசியாகச் சொன்னாயே என்ற கோபம் இப்போது இல்லை. முதலில் சொல்லியிருந்தால் முதல் நாளிலிருந்தே கத்தியிருப்பேன் என்பதும் புரிகிறது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லி, அவர் நம்பரை மறுபடி அனுப்பி வை. இருவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வந்தும் வராத உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிய பிறகு, மறுநாள் காலை இதைப் பிரித்து எழுதுகிறேன். நேற்று நான் திரும்பியதும் வேலை நேரம் முடிந்து ரயிலைப் பிடிக்க ஓடிவிட்ட விசாரணைக் கவுன்டர்ப் பெண், இன்று வந்ததும் முதல் வேலையாகச் சொன்னாள்: நீயும் மாப்பிள்ளையும் ரயிலிலேயே வந்து, எல்லாப் பெட்டியோடும் என் அறையில் அரை மணிக்கு மேல் காத்திருந்தீர்களாமே. இவள் என்னைக் கூப்பிட்டபோது என் போன் அங்கே மேஜை மேலேயே மணியடித்ததாம். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாயாமே. "அண்ணன் இன்னும் கோபமாத்தான் இருக்காரா?" என்று கேட்டாயாம். அதற்கு இவள், "கோபமா இருக்கறவரு எதுக்குக்கா காலையிலேருந்து மூணு தடவ தலைசீவுறாரு? உங்களத் தேடித்தான் மேல போயிருக்காரு" என்றாளாம். நீ சிரித்தாயாம், ரொம்ப நேரம். ஆகவே மேலே எழுதியது எதுவுமே உனக்குத் தேவையில்லை. அடுத்த முறை நீ வரும்போது நம் இரண்டு பேரில் ஒருவர் மட்டும் நகர்ந்தால் போதும். நீ வா. நான் உட்கார்ந்தே இருக்கிறேன்.