காத்தவராயன் ஊதிய படலம்

வாழ்க காத்தவராயன்! விழுப்புரம் ஈன்ற வீரன், நாட்டின் தலைநகரத்து லக்ஷ்மிபாய் நகர்க் குடியிருப்பின் இரண்டாம் மாடி வேந்தன், ரிங் ரோடு என்னும் நெரிசற்பெருங்கடலை நாள்தோறும் நீந்திக் கரையேறும் வெள்ளை வேனின் ஒரே சாரதி, மூவாண்டு மது துறந்த மாதவத்தோன் வாழ்க! அவன் நுரையீரல் இரண்டும் வாழ்க! ஏனைய புலவர்கள் காவியம் தொடங்குகையில் யானைமுகனை அழைப்பார்கள். அடியேன் காற்றுக் கடவுளை அழைக்கிறேன். இந்தக் கதையில் அவருக்குத்தான் வேலை அதிகம்.

வீரனின் பழைய குறையை மறைப்பது புலவனுக்கு அழகல்ல. முன்னொரு காலத்தில் அவன் குடித்தான். குடித்துவிட்டுக் கிராம்பு மென்றான். கிராம்பு மென்றதாலேயே மாட்டிக்கொண்டான். மூன்றாண்டுக்கு முன் ஒரு தைப்பூசத்தன்று, மலை மந்திர் முருகன் சந்நிதியில், மனைவி செங்கம்மாளின் தலையில் கைவைத்து "இனித் தொடேன்" என்று சத்தியம் செய்தான். அன்றுமுதல் தொடவில்லை. அதை முருகன் நம்பினான், செங்கம்மாள் நம்பவில்லை. மாலைதோறும் அவன் படியேறி வருகையில், நிலைப்படியில் இரு கைகளையும் ஊன்றிக் கோட்டைக் கதவுபோல் நின்று, "ஊதுய்யா" என்பாள் அவள். அவன் ஊதுவான். மோந்து பார்த்த பிறகே வழி கிடைக்கும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். இந்தப் பூனையோ அடுப்பு அணைந்துவிட்டதா என்று தினமும் மீசையை நீட்டிப் பார்த்தது. அவள்மேல் பிழையில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாலையும் அவனுக்கு உள்ளே எங்கோ வலித்தது.

இப்பேர்ப்பட்ட காத்தவராயனுக்கு ஆயுத பூஜை கழிந்த ஆறாம் நாள், காலை பதினொன்று பத்துக்கு ஊழ்வினை ஒரு குரங்கின் உருவில் வந்தது. மோதி பாகில் உள்ள ஓர் அரசுப் பண்டகசாலையில் (பெயர் வேண்டாம், மேலிடம் கோபிக்கும்) அவன் வேனைக் கிளப்பிய நொடியில், செம்முகமும் சிறுவாலும் கொண்ட அந்த மந்திப்படைத் தளபதி முன்கண்ணாடியின்மேல் குதித்து, பல்லைக் காட்டி, துடைப்பானைப் பிடுங்கலாயிற்று. திடுக்கிட்ட சாரதி பின்னோக்குக் கியரைப் போட்டான். ஆமை வேகத்தில் பின்சென்ற வேன், கோடை முடிந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இரும்புக் கூலர் என்னும் குளிர்காற்றுப் பெட்டியை இடித்தது. மலை சரிந்ததெனக் கூலர் சரிந்தது. அதனுள் குடித்தனம் நடத்திய புறாக்கள் வானை மறைத்தன. ஒரு மூலை நசுங்கியது. குரங்கு துடைப்பானோடு போய்விட்டது.

"விபத்து!" என்று முழங்கினார் கண்காணிப்பாளர் பூவராகவன். அவர் பத்தாண்டுகளாக ஒரு விபத்துக்காகக் காத்திருந்தவர்போல் மேசையைத் திறந்து சுற்றறிக்கையை எடுத்தார். அதன் ஆணை இதுவே: அலுவலக வண்டி எதில் மோதினாலும், ஓட்டியவர் இரண்டு மணி நேரத்துக்குள் மூச்சுமானியில் ஊத வேண்டும், அதற்குள் அளவு பதிவாகாவிட்டால் அவர் ஊத மறுத்தார் என்றே எழுதப்படும், மறுத்தவர் குடித்தவரே ஆவார், அவர் இனி ஸ்டியரிங்கைத் தொடலாகாது.

இதைக் கேட்ட எவனும் நடுங்குவான். காத்தவராயனோ மகிழ்ந்தான்! ஆம், கற்றோரே, மகிழ்ந்தான். மனைவியின் மூக்கு பொய் சொல்லலாம்; சர்க்கார் மெஷின் சொல்லுமா? மூன்றாண்டுத் தவத்துக்கு முத்திரை குத்திய சான்று ஒன்று கையில் கிடைத்தால், அதை நிலைப்படியில் நீட்டி, அந்தக் கோட்டைக் கதவைத் திறந்துவிடலாமே!

"குடுங்க சார், ஊதறேன்! எத்தன தடவ வேணாலும் ஊதறேன்!" என்றான்.

அந்தச் சொல்லைத் தேவர்கள் கேட்டுவிட்டார்கள் போலும்.

பச்சை விளக்குக் கண்ணும் பருத்த வயிறும் கொண்ட கருநெகிழி அரக்கனாம் அந்த மூச்சுமானி உறையிலிருந்து எழுந்தருளியது. புதுக் குழல் பொருத்தப்பட்டது. காத்தவராயன் ஊதினான். அது "கீ" என்று கத்தி, 'மூச்சு போதவில்லை, மீண்டும் ஊதுக' என ஆங்கிலத்தில் அறிவித்தது. மீண்டும் ஊதினான். மீண்டும் "கீ". பெல்ட்டை ஒரு துளை தளர்த்தி ஊதினான். பெல்ட்டையே கழற்றி வைத்துவிட்டு ஊதினான். கன்னங்கள் பூரியென உப்ப, கழுத்து நரம்புகள் கயிறெனப் புடைக்க, குலதெய்வம், முருகன், முனீஸ்வரன் மூவரையும் துணைக்கழைத்து ஊதினான். காற்று கடைவாய் வழியே சீறிப் பாய்ந்து மேசைமேலிருந்த விடுப்பு விண்ணப்பங்களைச் சிதறடித்ததே தவிர, அரக்கன் வயிற்றில் ஒரு துளியும் இறங்கவில்லை.

"அடிவயத்துலேர்ந்து ஊதுங்கோ காத்தவராயன், பிராணாயாமம் மாதிரி" என்றார் பூவராகவன்.

"அரே பையா, ஜோர் ஸே! ஜோர் ஸே!" என்று, பலத்தைக் கூட்டச் சொல்லி, வாயிற்காவலர் பல்பீர் சிங் போர்முரசு கொட்டினார்.

பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரையும் ஆனது. ஊதி ஊதி வீரனின் கண்கள் சிவந்தன, தலை சுழன்றது, நாக்குக் குழறியது, எழுந்து நின்றால் கால்கள் ஆளுக்கொரு திசையில் போயின. ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாக்களோடு வந்து சேர்ந்த கூட்டம், சட்டை நனைந்து, பெல்ட் இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சாரதியைக் கண்டது. "காலையிலயே நல்லா ஏத்திட்டு வந்துட்டாரு" என்று ஒரு குரல் தீர்ப்புச் சொன்னது. ஒரு சொட்டும் அருந்தாமல் முழுப்போதையின் திருக்கோலம் எய்திய ஒரே மனிதன் இம்மண்ணில் அவனே.

ஒன்று ஐந்துக்குப் பூவராகவன் பேனாவின் மூடியைக் கழற்றினார். 'ஊத ம' வரை எழுதினார்.

"சார், அந்த வார்த்தைய எழுதாதீங்க சார்!" கைகூப்பினான் காத்தவராயன். அவன் குரல் உடைந்தது. "மூணு வருசம் சார். கல்யாணத்துக்குப் போனேன், சாவுக்குப் போனேன், எல்லாரும் ஊத்திக் குடுத்தானுங்க, தொடல. என் பொண்டாட்டி இன்னும் நம்பல. இந்தக் காயிதத்துல நீங்க மறுத்தான்னு எழுதுனா அவ இனிமே எப்பவுமே நம்ப மாட்டா."

பேனா நின்றது. பூவராகவனுக்குத் தொண்டையை அடைத்தது. இருந்தாலும் சுற்றறிக்கைக்குத் தொண்டை கிடையாதே.

அப்போது எழுத்தர் வைதேஹி மூக்கைச் சுருக்கினாள். "சார், ஒரு நிமிஷம். அண்ணா ஊதறப்பல்லாம் சந்தன வாசனை வருதே, எங்கேர்ந்து?"

குழலைப் பிடுங்கினாள், அது பொருந்தியிருந்த மெஷினின் துளையில் கண்ணை வைத்தாள், துப்பட்டாவிலிருந்த ஊக்கை உருவினாள். வேலெனக் கூர்த்த அந்த ஊக்கு உள்ளே நுழைந்து, குடைந்து, வெளியே வந்தபோது அதன் முனையில் காய்ந்து கெட்டிப்பட்ட சந்தன உருண்டையும், அதன்மேல் குங்குமமும், ஒட்டிக்கொண்ட ஒரு பொரியும் இருந்தன.

எல்லாக் கண்களும் ஒரு முகத்தை நோக்கின. ஆறு நாளைக்கு முன் ஆயுத பூஜையன்று, வேனுக்கு மாலையிட்டு, ஸ்டேப்ளருக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் கணினிக்கும் பொட்டு வைத்து, "இதுவும் ஆயுதம்தானே, மனசு கோணக்கூடாது" என்று அந்தப் புது மெஷினின் நெற்றியைத் தேடிய பக்தன் யார்? நெற்றி கிடைக்காமல், குழிவாக இருந்த ஓரிடத்தில் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி அப்பியவன் யார்?

காத்தவராயன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

ஒன்று ஒன்பது. புதுக் குழல். எஞ்சியிருந்த கடைசி மூச்சைக் கால் விரல்களிலிருந்து திரட்டி, மாரிக்காலப் பெருங்காற்றென ஊதினான் வீரன். அரக்கன் கத்தவில்லை. சிறு பசுவைப்போல் "ம்" என்றது. அதன் வாயிலிருந்து வெண்ணிறத் துண்டுச்சீட்டு ஒன்று ஊர்ந்து வந்தது. அதில் மூன்று சுழிகள், முதல் சுழிக்குப் பின் ஒரு புள்ளி. ஆர்ப்பரித்தது அவை! பல்பீர் சிங் அவனைத் தூக்கினார்! பூவராகவன் 'ஊத ம' என்பதை அடித்துவிட்டு 'ஊதினார்' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார்! பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அன்று மாலை, வெற்றிக்கொடியென அச்சீட்டை வலக்கையில் உயர்த்திப் பிடித்து, நெஞ்சு நிமிர்த்தி, படிக்கட்டு அதிர, தன் மாடியை நோக்கி எழுந்தான் காத்தவராயன். நிலைப்படியில் கோட்டைக் கதவு நின்றிருந்தது.

"செங்கம்மா! சர்க்காரே சொல்லிடுச்சு! பாரு, சைபர்!"

அவள் வாங்கினாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று சுழிகளையும் விரல்வைத்து எண்ணினாள். அவள் கண் கலங்கியது, அடியேன் பார்த்தேன். உள்ளே போய் முருகன் படத்துக்கடியில் சீட்டைச் செருகி, கும்பிட்டு, திரும்பி வந்து, அதே இடத்தில் அதே இரு கைகளையும் ஊன்றினாள்.

"காயிதம் காயிதமா இருக்கட்டும். நீ ஊதுய்யா."

ஊதினான்.