குடவோலையில் விழுந்த சாப்ட்பால் சீட்டு

ஒரு எடம் காலியா கீதுன்னா அத்த நெரப்பியே தீரணும். மனுசனுக்கு சோத்துப் பசி மாதிரி சர்க்காருக்கு அது ஒரு பசி.

மெட்ராஸ்ல ஒரு பொம்பளப் புள்ளைங்க காலேஜு. சாப்ட்பால் ஆடுற பொண்ணுக்குன்னு வருசத்துக்கு ஒரே ஒரு சீட்டு, ஹாஸ்டல் சோத்தோட. இந்தச் சேதி திருப்புலிவனத்தைத் தாண்டி, பஸ்ஸு தோணினா மட்டும் நிக்கிற ஒரு ஊருக்கு வந்து சேந்தப்போ, அங்க எவனுக்கும் சாப்ட்பால்னா தின்றதா பூசிக்கிறதான்னு தெரியாது. ஒரு வாரம் போச்சி. ஊரே சாப்ட்பால் பேசுது.

கன்னியப்பன்தான் மொதல்ல பேசினது. ரெண்டு ஏக்கரா நெலமும் ஒரு மோட்டாரும் வெச்சிக்கினு இருந்தவரு. மோட்டாரு ஓடாத நேரத்துல வாய் ஓடும்.

"கபடி கோட்டான்னா ஜில்லா பூரா கபடி ஆடறான். இத்த எவனாச்சும் ஆடறானா? எவனும் ஆடாத ஆட்டத்துல நாமதான ஜெயிப்போம்?"

அவரு பொண்ணு மலர்க்கொடி அப்போ பிளஸ் டூ. கணக்குல புலி. மெட்ராஸ் போயி பி.எஸ்.சி. கணக்கு படிக்கணும், அந்த ஒரே எண்ணம்தான் அவளுக்கு.

"நைனா, மார்க்கு மேலயே அப்ளிகேஷன் போடலாம். நல்லா வாங்குவேன்."

"மார்க்குல போறது டவுன் பஸ்ல போற மாதிரிம்மே. நெருக்கிக்கினு நிக்கணும். கோட்டாவுல போறது கார்ல போற மாதிரி."

கார்ல அவரு எப்பப் போனாருன்னு கேக்காதீங்க. ஒரு தபா எலெக்சன்ல ஓட்டுப் போடக் கூட்டிக்கினு போனாங்க. வரும்போது நடந்துதான் வந்தாரு. அத்த விடுங்க.

ஸ்கூல்ல டிரில் வாத்தியாரு ஜெகந்நாதன். அவருகிட்ட ஒரே ஒரு சாப்ட்பால் இருந்திச்சி. பீரோவுல வெச்சி பூட்டி, சாவிய பூணூல்ல கட்டி வெச்சிருந்தாரு.

"பந்து ஸ்டாக்குல ஏறிடுச்சும்மா. ஆடினா தேஞ்சிடும். தேஞ்சா இன்ஸ்பெக்சன்ல நான் பதில் சொல்லணும். பந்து வர்ற மாதிரி நெனச்சிக்கோ. ம், அடி!"

பொண்ணுங்க அடிச்சாங்க. பந்து வர்ற மாதிரி நெனச்சி மட்டைய வீசி, போயிட்ட மாதிரி நெனச்சி ஓடி, புடிச்ச மாதிரி நெனச்சி கத்தினாங்க. ஒருத்தியும் அவுட் ஆவல. இம்மாம் நல்லா ஆடுற டீமை வாத்தியாரு எங்கியும் பாத்ததில்லையாம். வேற டீமையே அவரு பாத்ததில்ல, அது வேற.

மொத்தம் அறுபத்திமூணு பொண்ணுங்க சேந்துட்டாங்க. கோயிலுக்கு அறுபத்து மூவர்னா ஸ்கூலுக்கும் அறுபத்து மூவர். மலர்க்கொடி கணக்குப் போடுறவளாச்சே, வாத்தியாரக் கேட்டா.

"சார், சீட்டு ஒண்ணு. நாங்க அறுபத்திமூணு. மிச்சம் அறுபத்திரண்டு பேரு இன்னா ஆவாங்க?"

வாத்தியாரு இந்தாண்ட அந்தாண்ட பாத்துட்டு குசுகுசுன்னு சொன்னாரு. "சீட்டு உனக்குத்தான். வெளில சொல்லாதே. மத்தவா மனசு நோகும்."

மலர்க்கொடி வெளில சொல்லல. மத்த அறுபத்திரண்டு பேரும் வெளில சொல்லல. ஒவ்வொருத்தியும் அடுத்தவளப் பாத்து, ஐயோ பாவம்னு நெனச்சிக்கினா. ஊரு அம்மாம் ஒத்துமையா இருந்தது அந்த ஒரு வருசந்தான்.

ஊருல நாகரிகமே மாறிப் போச்சி. உத்தரமேரூர் சேட்டு கடையில வெயிலுக்குப் போடுற தொப்பி ஒண்ணுகூட மிச்சமில்ல. நாத்து நடப் போறவளுவகூட தொப்பி போட்டுக்கினு குனிஞ்சாளுவ. கல்யாணத் தரகனுங்க ஜாதகத்தோட பொசிசனும் கேக்க ஆரமிச்சிட்டானுங்க. ஐயங்கார்குளத்துலருந்து கோவிந்தம்மாள்னு ஒரு அம்மா, மவனுக்கு பொண்ணு பாக்க தாண்டவராயன் வூட்டுக்கு வந்தது. அவரு பொண்ணு சுலோச்சனா காப்பி குடுத்துட்டு நிக்கிறா.

"பொண்ணு எந்த எடத்துல ஆடுது?"

"கேட்சருங்க. பின்னால குந்திக்கினு புடிக்கிறது."

"குந்திக்கினா? எங்க வூட்ல எல்லாம் நின்னுக்கினு எறியிற பொண்ணாதான் பாக்கறோம்." காப்பியக் குடிச்சிட்டு கெளம்பிடுச்சி. பஜ்ஜியும் தின்னுட்டுதான்.

பரீட்சை வந்திச்சி, ரிசல்டும் வந்திச்சி. மலர்க்கொடி ஆயிரத்தி நூத்தி நாப்பது. அந்த ஸ்கூல் கண்ணால பாக்காத மார்க்கு. காலேஜுக்கு எழுதிப் போட்டு சாதா அப்ளிகேஷன் ஒண்ணு வரவழைச்சி, எல்லாத்தையும் நெரப்பி, நைனாகிட்ட கையெழுத்துக்கு நீட்டினா.

"ரெண்டு எடத்துல கை நீட்டினா சாப்ட்பால்காரன் இன்னா நெனைப்பான்? இவனுக்கே நம்பிக்கை இல்லன்னு நெனைப்பான். வெச்சிடு உள்ள."

"யோவ், பொண்ணு கேக்குதில்ல, ஒரு கையெழுத்துதானே?"ன்னு சொக்கம்மாள் கத்தினா. பெத்தவ.

"உனுக்கு ஆட்டத்தப் பத்தி இன்னா தெரியும்?"ன்னாரு கன்னியப்பன். அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவளுக்கும் தெரியும்.

அப்ளிகேஷன் போய்ச் சேர வேண்டிய கடைசித் தேதி ஜூன் இருவது. காலேஜுக்கு ஆள் பொறுக்கி அனுப்ப ஜில்லாவுலருந்து அதிகாரி வந்ததும் அதே இருவதாம் தேதிதான்.

அவரு பேரு ஆராவமுதன். சாப்ட்பால் வளர்ச்சி அலுவலர். ஜீப்பு, ரெண்டு பைலு, ஒரு பியூன். பியூன் பேரு வேதாசலம், ரிட்டையராவ ரெண்டு மாசம். தலையில ஒரு மண்பானைய சுமந்துக்கினு எறங்கினாரு.

அறுபத்திமூணு பொண்ணுங்களும் தொப்பியோட வரிசையா நின்னாங்க. அப்பனுங்க அந்தாண்ட நின்னானுங்க. ஒவ்வொருத்தன் மொகத்துலயும் சீட்டு தனக்குத்தான்னு ஒரு சிரிப்பு.

அதிகாரி தொண்டையக் கனைச்சாரு. "பெரியோர்களே! உலகுக்கே தேர்தலைக் கற்றுக் கொடுத்த உத்தரமேரூர் மண்ணில் நின்றுகொண்டு, ஆடிப் பார்த்து ஆள் எடுப்பது நம் முன்னோரை அவமதிக்கும் செயல். ஆகவே மேலிடத்தின் ஒப்புதலோடு, கல்வெட்டில் கண்டபடி குடவோலை முறையில் தேர்வு நடைபெறும்."

கை தட்டு காதைப் பொளந்திச்சி. மலர்க்கொடி மட்டும் கைய ஒசத்தினா. வயல்ல குருவி தொரத்த அவ கல்லு எறிஞ்சா, எந்தக் குருவின்னு சொல்லிட்டு எறியலாம், அம்மாம் கை.

"சார், பந்தைக் குடுங்க, எறிஞ்சி காட்டறேன். யாரு நல்லா எறியிறாங்களோ அவங்கள எடுங்க."

"ஆடிப் பார்த்து எடுத்தால் என்ன ஆகும்? திறமை உள்ள பெண்தான் வருவாள். மற்ற அறுபத்திரண்டு பேருக்கும் அது அநியாயம் இல்லையா?"

அப்பனுங்க எல்லாம், "கரெக்ட்டு, கரெக்ட்டு"ன்னானுங்க. கன்னியப்பனுந்தான்.

அதிகாரி பைலத் தொறந்து கல்வெட்டுல இருந்த தகுதி படிச்சாரு. கால் வேலி, அதாவது ஒண்ணரை ஏக்கராவுக்கு மேல, சொந்த நெலம். சொந்த மனையில கட்டின வூடு. வயசு முப்பத்தஞ்சுக்கு மேல, எழுவதுக்குள்ள. படிச்சிட்டு, ஓலையில எழுத ஆரமிச்சாரு. மொத ஓலையில கன்னியப்பன்னு எழுதினாரு.

"சார், அது எங்க நைனா பேரு. ஆடப் போறது நானு."

"நிலம் யார் பேரில் இருக்கு?"

"நைனா பேர்ல."

"வீடு?"

"அதுவும் நைனா பேர்லதான்."

"உனக்கு முப்பத்தைந்து ஆயிற்றா?"

"காலேஜுல சேரப் போறவளுக்கு முப்பத்தஞ்சா சார்?"

"கல்லில் இருக்கிறதம்மா. காகிதத்தில் இருந்தால் திருத்தலாம். கல்லைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை."

நெலம் இல்லாத வூட்டுப் பொண்ணுங்க இருவது பேரு தொப்பியக் கழட்டிட்டு வூட்டுக்குப் போனாங்க. மிச்சம் நாப்பத்திமூணு ஓலை பானைக்குள்ள போச்சி. எடுக்கிறதுக்கு ஒண்ணும் அறியாத கொழந்தை வேணும்னு கல்லுல கீது. கொழந்தைய வேலை வாங்கக் கூடாதுன்னு சர்க்குலர்ல கீது. ரெண்டுத்துக்கும் நடுவுல அதிகாரி அஞ்சு நிமிசம் யோசிச்சி ஒரு ஆர்டர் எழுதினாரு. 'பியூன் வேதாசலம் அவர்கள் இந்த நிகழ்ச்சியின் நோக்கத்துக்காக மட்டும் ஒன்றும் அறியாத குழந்தையாகக் கருதப்படுவார்.' முப்பத்தெட்டு வருசம் சர்வீஸ் போட்டவரு, கண்ண மூடிக்கினு பானைக்குள்ள கைய வுட்டாரு. ஒரு ஓலை எடுத்தாரு.

"கன்னியப்பன்!"

அவ்ளோதான், மனுசன் தரையில நிக்கல. தாண்டவராயன்கூட தம் பொண்ணு சுலோச்சனா தொப்பியப் புடுங்கி மேல வீசினாரு. பறையடிக்கச் சொல்லிட்டாங்க. மலர்க்கொடி கையில கையெழுத்தில்லாத அப்ளிகேஷன். அன்னிக்கி சாயங்காலத்தோட அது வெறும் காயிதம்.

மறுநாளு அப்பனும் பொண்ணும் மெட்ராஸ் போனாங்க. கன்னியப்பன் வெள்ள வேட்டி, வெள்ள சட்டை, தலையில தொப்பி. காலேஜு பிரின்சிபால் பத்மாசினின்னு ஒரு அம்மா. ஆர்டரப் படிச்சிட்டு அவரப் பாத்தாங்க, மறுபடியும் ஆர்டரப் பாத்தாங்க.

"கன்னியப்பன்னா நீங்களா?"

"ஆமாம்மா. எம் பேர்ல வந்த சீட்டு. பொண்ணு பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க."

"ஜில்லா ஆர்டர்ல இருக்கிற பேரை நாங்க மாத்த முடியாதுங்க." மலர்க்கொடி மார்க் சீட்டப் பாத்தாங்க. மொகம் மாறிப் போச்சி. "இந்த மார்க்குக்கா கோட்டாவுல வந்தீங்க? சாதாரணமா அப்ளிகேஷன் போட்டிருந்தா மொத லிஸ்டுல மொத பேரே இவதானே! நேத்தோட முடிஞ்சிடுச்சே."

மலர்க்கொடி அழுவல. ஒண்ணே ஒண்ணு கேட்டா. "மேடம், இந்தக் காலேஜு சாப்ட்பால் டீம்ல எத்தினி பேரு கீறாங்க?"

"டீம் இல்லம்மா. வருசத்துக்கு ஒரு சீட்டுதானே? ஒவ்வொண்ணா எடுத்தா ஒம்போது வருசத்துல டீம் ஆயிடும்."

"படிப்பு மூணு வருசந்தானே மேடம்? ஒம்போதாவது பொண்ணு வர்றப்போ மொத ஆறு பேரு போயிட்டிருப்பாங்களே?"

பிரின்சிபாலு ஒரு பைலப் பொரட்டிப் பாத்தாங்க. "அதைப் பத்தி இன்னும் ஆர்டர் வரலம்மா."

பொறவு கன்னியப்பன் பக்கம் திரும்பினாங்க. "பெரியவரே, சீட்டைக் காலின்னு எழுதினா அடுத்த வருசம் அந்தச் சீட்டையே எடுத்துடுவாங்க. உங்க பேர் ரிஜிஸ்டர்ல இருக்கட்டும். நீங்க மட்டும் வந்துடாதீங்க."

திரும்பி வர்றப்போ மனுசன் பொண்ண வேற பஸ்ஸுல ஏத்திட்டாரு. அச்சிறுபாக்கம் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பினாங்க, அதுவும் ஒரு கூத்து. ஊருல எறங்கினப்போ மாலையோட நின்னாங்க. வாத்தியாரு ஸ்கூல் போர்டுல எழுதிட்டாரு: 'நம் பள்ளியின் பயிற்சியால் கல்லூரிக்குத் தேர்வானவர்: திரு. கன்னியப்பன்.' மாலையப் பாத்ததும் கன்னியப்பனுக்கு வாய் வந்துடுச்சி.

"மெட்ராஸ்ல எம் பேர ரிஜிஸ்டர்ல ஏத்திட்டாங்கப்பா. பிரின்சிபால் அம்மாவே சொல்லிச்சி."

மலர்க்கொடி ஒரு வருசம் களை எடுத்தா, கதிர் அறுத்தா. மறு வருசம் ஏப்ரல்லயே சாதா அப்ளிகேஷன் வரவழைச்சி, நைனா கைய மேசை மேல அழுத்திப் புடிச்சி கையெழுத்து வாங்கி, தானே உத்தரமேரூர் போயி ரிஜிஸ்டர் தபால்ல போட்டா. ஜூன்ல பதிலு வந்திச்சி. கவர் நல்லா கனமா இருந்திச்சி. சொக்கம்மாள் சாமி படத்துக்கு முன்னால வெச்சி எடுத்துக் குடுத்தா. பொண்ணு சத்தமா படிச்சா.

"'தங்கள் மதிப்பெண் பாராட்டுக்குரியது. எனினும் தங்கள் தந்தையார் இக்கல்லூரியில் முதலாண்டு பயின்று வருவதாகப் பதிவேட்டில் காண்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம் என்பது விதி. ஆகவே தந்தையார் பட்டம் பெற்ற பின் விண்ணப்பிக்கத் தெரிவிக்கப்படுகிறது.'"

கன்னியப்பன்தான் மெதுவா கேட்டாரு. "அப்போ நான் பாஸ் ஆவணுமா?"

"ஆவணும் நைனா. நீங்க பெயிலாவுற ஒவ்வொரு வருசமும் எனுக்கு ஒரு வருசம் போவும்."

நாலாங்கிளாஸோட நின்ன மனுசன். சொக்கம்மாள் அவரு தோள்ல கெடந்த துண்ட எடுத்து கீழ விரிச்சா, குந்துன்னு கையக் காட்டினா. மலர்க்கொடி பெருக்கல் வாய்ப்பாட்டுலருந்து ஆரமிச்சா.

ரெண்டாம் வாய்ப்பாடு முடியலை, வாசல்ல செருப்பு விடுற சத்தம். தாண்டவராயன் தலைய நீட்டினாரு. அவருக்குப் பின்னால தெரு நெடுக்க ஊரு ஆம்பளைங்க, எல்லாரும் தொப்பியோட.

"எங்களையும் வாய்ப்பாடு படிக்க சேத்துக்கம்மா. நாளைக்கி அதிகாரி வராரு. இந்த வருசம் சீட்டு எனுக்குத்தானாம், வாத்தியாரு காதோட சொன்னாரு. வெளில சொல்லாத."

பின்னால நின்ன அத்தினி பேரும் அவரப் பாத்து, ஐயோ பாவம்னு சிரிச்சானுங்க.