வழுக்கி விழுந்த வம்சம்

எங்கள் வம்சத்தில் இதுவரை ஒருவரும் நோயால் இறந்ததில்லை. ஒக்லாந்தில் வேறெந்தத் தமிழ்க் குடும்பமும் இப்படி மார்தட்ட முடியாது. அப்பா நாற்பத்தொன்பது வயதில் ஊரில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். பெரியப்பா பஸ் ஏறும்போது வழுக்கி விழுந்தார். மாமி சமையலறையில். விழுவதற்கு முன் மூவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது வெறும் 'தற்செயல்'.

1996இல் என் அண்ணர் குலசிங்கத்துக்கு பைபாஸ் நடந்தது. காலிலிருந்து இரத்தக் குழாய் எடுத்து இதயத்தில் ஒட்டினார்கள். அப்படி ஒட்டிய குழாயின் சுவர் சிலருக்கு மட்டும் தடித்து அடைத்துக்கொள்வதற்குப் பரம்பரை காரணமா என்று சத்திரசிகிச்சை செய்த டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு படிவம் தந்தார்.

"குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் இருந்தால் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாயைப் பார்ப்பேன். இல்லையென்றால் வருடத்துக்கு ஒருமுறை போதும்."

பக்குரங்காவில் அண்ணர் வீட்டில் 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது. தமிழ்ச் சங்கத்தின் செயலாளன் என்ற தகுதியில் பேனா என் கையில் இருந்தது.

"பைபாஸ் சாப்பாட்டாலை வந்தது எண்டு சொல்லலாம்; பரம்பரை இருதய வருத்தம் எண்டு எழுதினா ரானுயிப் பகுதி திரும்பியும் பாராது," என்றார் அண்ணி வசந்தமலர். ரானுயியில்தான் மகள் லோஜனாவுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தது.

"ஆஸ்பத்திரிப் பேப்பர் அவையிட்ட எப்பிடிப் போகும்?" என்று அண்ணர் கேட்டார்.

"அங்க எத்தினை தமிழ் ஆக்கள் வேலை செய்யினம்! கதை கோயிலுக்கு வர ஒரு கிழமை காணும்."

"ஓம், அதுவும் சரிதான். தம்பி, ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையெண்டு எழுது."

"அப்பப்பாவுக்கு வந்தது ஹார்ட் அட்டாக்தானே?" என்று லோஜனா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பிள்ளை, அது வழுக்கினது," என்றேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சிறுமிகளுக்கு வாக்குரிமை இல்லை. அவளுக்கு வயது இருபத்து நான்குதான்.

சத்திரசிகிச்சை முடிந்து எட்டாவது மாதம் அண்ணர் காலமானார். ஒட்டிய குழாய் தடித்து முற்றாக அடைபட்டிருந்தது. "மூன்றாம் மாதமே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்," என்று டாக்டர் அந்தப் படிவத்தை லோஜனாவுக்கும் எனக்கும் எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

செத்த வீட்டுக்கு ரானுயிச் சம்பந்தி சபாரத்தினம் வந்தார்.

"எப்பிடி நடந்தது?"

"பாத்ரூமிலை வழுக்கி..." என்றேன், செயலாளனுக்குரிய கம்பீரத்துடன்.

அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். "எங்கட ஐயாவும் அண்ணரும் அப்பிடித்தான்."

அதுவரை என்னோடு ஒரு நாளும் தமிழில் கதைத்திராத லோஜனா, கூடியிருந்த அத்தனை பேருக்கும் விளங்கும்படி நல்ல தமிழில் சொன்னாள்:

"அப்பா வழுக்கேல்லை, சித்தப்பா. நீங்கள்தான் தள்ளிவிட்டனீங்கள்."