பட்டாணிக்குக் கிடைத்த பிறப்புரிமை

அரைகுறையாகப் படித்தவள் கையில் சோக்குக் கட்டியைக் கொடுக்கக் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

அப்போது பதுளையில் விடுதியில் தங்கி உயர்தர உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மாவின் குணங்கள் பிள்ளைக்கு எப்படி வரும் என்று பட்டாணிச் செடியை வைத்துக் கணக்குப் போடும் பாடம் அப்போதுதான் பிடிபட்டிருந்தது. புத்தகத்தில் அதற்குப் பெயர் பிறப்புரிமையியல். லீவுக்கு எங்கள் தேயிலைத் தோட்டமான பூனாகலைக்கு வந்ததும் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோனது. அவர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். மண் சரியும் பக்கத்து லயங்களில், அந்தப் பழைய வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்குக் காணியும் வீடும் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தவர். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அறிவித்தும்விட்டார்.

"எம் மக பிறப்புரிமை படிச்சிட்டு வந்திருக்கு. அந்திக்குப் பிள்ளைக் காம்பராவுக்கு வாங்க, வெளக்கமாச் சொல்லும்."

கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த அறையில் ஒரு கரும்பலகை உண்டு. லயமே திரண்டு வந்திருந்தது. (பட்டாணிக்கு இவ்வளவு கூட்டமா என்று ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டாமா? தலைக்கனம் யோசிக்க விடவில்லை.)

நெட்டைப் பட்டாணிக்குப் பெரிய டீ எழுத்து, குட்டைக்குச் சின்ன டீ எழுத்து போட்டேன். "பெரிய டீதான் ஆட்சியானது. அது இருந்தா சின்ன டீ இருக்கதே வெளிய தெரியாது."

"தெரிஞ்சதுதானே பாப்பா," என்றார் சுப்பையா மாமா. "பெரிய தொர இருக்கப்ப சின்ன தொர வாயத் தொறப்பாரா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. நாலு கட்டம் போட்டு, மூன்று நெட்டை, ஒன்று குட்டை என்று எழுதினேன்.

காமாட்சி அக்கா எழுந்தார். மழை நாட்களில் சுவர் வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளைகளைத் தூங்க வைப்பவர். "எங்க வீடு எந்தக் கட்டத்துல வருது?"

அவருடைய பிள்ளைகளின் உயரத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அது நிகழ்தகவுக்கா. முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் புதுசாக் குலுக்கிப் போட்ட மாதிரிதான்."

"குலுக்கலா?"

அறையே எழுந்து நின்றது. "செவுரு வெடிச்சவங்களுக்கு மொதல்ல குடுக்காம குலுக்கிப் போடுவாங்களா? தலைவரே, நீங்களும் இதுக்குச் சம்மதிச்சிட்டீங்களா?"

அப்பா என் பக்கம் குனிந்தார். "பாப்பா, இதுல காணி எங்க இருக்கு?"

"காணியா? இது பட்டாணிப்பா."

அப்பா கூட்டத்திடம் திரும்பினார். "கோவிச்சுக்காதீங்க. புள்ள படிச்சது பட்டாணியோட பிறப்புரிமையாம். நம்மளோடது இன்னும் பாடத்துல வரலயாம்."

முதலில் சிரித்தது காமாட்சி அக்காதான். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வீடு வரப்போகிறது என்று நம்பி வந்தவர் அவர். எனக்கு அழுகையாக வந்தது.

இன்று நான் உயிரியல் ஆசிரியை. தோட்டத்தில் என் பெயர் பட்டாணி டீச்சர். வீட்டில் பட்டாணி வேகும்போதெல்லாம், "காணி வெந்துருச்சா?" என்று அப்பா கேட்காமல் இருந்ததில்லை.

போன வருடம் காமாட்சி அக்காவுக்கு மேட்டுப் பக்கம் புது வீடு கிடைத்தது. பால் காய்ச்சிய அன்று அத்தனை பேர் முன்னிலையில் என் கையில் ஒரு தட்டுச் சுண்டலை வைத்தார். பட்டாணிச் சுண்டல்.

"குலுக்காமக் கெடச்ச வீடு பாப்பா. சாப்பிடு."