சுவீடன் படையின் கடைசி ஆள்

அபி, குகன், இந்தக் கதையை நானே எழுதி வைத்துவிடுகிறேன். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அதில் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே போகிறேன்.

ஒரு பட்டாளத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த நான், ஜெர்மனியில் இன்னொரு பட்டாளத்தில் சேர்ந்தது உண்மை. அதுவும் சுவீடன் பட்டாளம்!

என்னோடு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் கிளவுஸ்தான் காரணம். சனி ஞாயிறுகளில் பழங்காலப் போர்வீரர் வேடம் போடும் சங்கம் ஒன்றில் அவர் இருந்தார். கெல்சென்கிர்ச்சன் நகருக்கு வெளியே ஒரு பூங்காவில், நானூறு வருடங்களுக்கு முந்திய சண்டையொன்றை நடித்துக் காட்டப் போனார்கள். சுவீடன் பக்கத்தில் ஓர் ஆளுக்குக் கால் சுளுக்கிவிட்டது. "நீ வருகிறாயா?" என்று கேட்டார். "யா, யா" என்றேன். (என் ஜெர்மன் இன்றைக்கும் பாதிதான். விளங்காத மற்றப் பாதிக்கு "யா" சொல்லிவிடுவேன்.)

உங்கள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊரிலை ஆமிக்காரனைக் கண்டால் வேலி பாயிற மனுசன், இஞ்சை வந்து சுவீடன்காரனுக்கு ஈட்டி தூக்கப் போறாராம்!"

அபி, உனக்கு அப்போது பத்து வயது. சண்டையைப் பார்க்க உன் வகுப்பும் வருவதாக இருந்தது. அப்பாவே படையில் நிற்பதால், மைக்கில் விளக்கம் வாசிக்க உன்னையே உன் ஆசிரியை தெரிவு செய்தார். நீ வெள்ளைத் தாளில் ஜெர்மனில் எழுதி, குசினியில் மூன்று தரம் எனக்கு வாசித்துக் காட்டினாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே "ஓம், ஓம்" என்றேன்.

"அப்பா, என்ர வகுப்பு முழுக்க வருது. என்னை வெக்கப்படுத்திப் போடாதேங்கோ."

"அப்பாவை நம்பு, பிள்ளை."

விளம்பரத்தில் ரெஜிமென்ட் என்று போட்டிருந்தார்கள். அந்தக் காலச் சுவீடன் ரெஜிமென்ட் என்றால் எட்டுக் கம்பெனி, ஆயிரம் பேருக்கு மேல். எங்களிடம் இருந்தது முப்பது பேர். ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றால் ஒரு 'றொட்ட'. அப்படி ஐந்து றொட்ட. நான்கு துப்பாக்கிக்காரருக்கு, கடைசி ஒன்று ஈட்டிக்காரருக்கு.

நான் கிளவுஸிடம் போய், எங்கள் றொட்டவில் கடைசி இடத்தைத் தரச் சொன்னேன். அங்கே நின்றால் ஒருவருடைய கண்ணிலும் படமாட்டேன். முன்னுக்குப் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

கிளவுஸ் ஆச்சரியத்தோடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்த இடத்தை ஒருவரும் விரும்பிக் கேட்பதில்லை. உண்மையாகவா?"

"யா, யா."

பயிற்சி ஒரே ஒரு நாள். நேராக நடக்கப் பழகி முடிய மழை வந்துவிட்டது. மிச்சத்தைக் கிளவுஸ் வரைபடத்தில் காட்டினார். அதற்கும் "யா" சொன்னேன்.

அன்றைக்கு நல்ல வெயில். மேளம் அடித்தது. முப்பது பேரும் நீளமான ஒற்றை வரிசையாகப் புறப்பட்டோம். ஐந்து மீற்றர் ஈட்டியும் தலையில் ஓர் இரும்புச் சட்டியுமாக நான் கடைசியில் போனேன். குளத்தடிக்குப் போனதும், வரிசையின் தலைமாட்டில் இருந்த கிளவுஸ் ஏதோ கத்தினார். எல்லோரும் நின்ற இடத்திலேயே பின்னுக்குத் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

எனக்கு முன்னால் இருந்த முதுகைக் காணவில்லை! கடைசி ஆள் முதல் ஆள் ஆகிவிட்டான். சுவீடன் படை முழுவதும் எனக்குப் பின்னால் நின்றது.

"மார்ஷ்!" என்று கிளவுஸ் இப்போது கடைசியில் இருந்து கத்தினார்.

வலது பக்கம் மேட்டில் எதிரிப் படை காத்திருந்தது. நானோ ஒரு முதுகைத் தேடினேன். சிவப்புச் சட்டை போட்ட ஒரு மனிதர் இடது பக்கமாக விறுவிறு என்று போனார். நல்ல அகலமான முதுகு. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேளம் முழங்க இருபத்தொன்பது பேரும் பின்னால் வந்தார்கள். (ஜெர்மன்காரருக்கு வரிசை என்றால் வரிசைதான். எங்கே போகிறது என்று கேட்கமாட்டார்கள்.)

சிவப்புச் சட்டைக்காரர் கழிப்பறை வரிசையில் போய் நின்றார். நானும் நின்றேன். சுவீடன் படையும் நின்றது.

முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா திரும்பி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் முதலில் போங்கள். சண்டைக்கு நேரமாகிறதே" என்று விலகி வழிவிட்டார்.

அப்போதுதான் பூங்கா முழுவதும் ஒலிபெருக்கியில் உன் குரல் தமிழில் அதிர்ந்தது. "ஐயோ அப்பா! அது டொய்லெட்! திரும்புங்கோ!"

திரும்பினேன். மற்ற இருபத்தொன்பது பேரும் திரும்பினார்கள். நான் மறுபடியும் கடைசி ஆளானேன். கிளவுஸ் முன்னால் போய்ப் படையை மேட்டுக்கு ஏற்றினார். அங்கே எதிரிகள் சிரித்துச் சிரித்து ஈட்டியைக் கீழே போட்டுவிட்டிருந்தார்கள். அவ்வளவு சுகமாகச் சுவீடன் எந்தச் சண்டையிலும் வென்றிருக்காது.

உன் வகுப்பு கைதட்டியது. நீ மட்டும் வீடு திரும்பும் ட்ராமில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூன்று தரம் வாசிச்சுக் காட்டினனான். ஓம் ஓம் எண்டனீங்கள்."



கோபம் இரண்டு நாளில் போய்விட்டது. பகிடி போகவில்லை. இன்றைக்கும் நான் கழிப்பறைக்கு எழும்பினால் குகன் மேசையில் மேளம் அடிக்கிறான். "படை புறப்படுது!" என்று உங்கள் அம்மா சொல்கிறாள். எங்கேயாவது வழி தவறினால், அபி, நீ "அப்பாவை முன்னுக்கு விடாதேங்கோ" என்கிறாய். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லவில்லை. மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், அபி கசக்கி எறிந்த தாளைக் குப்பைக் கூடையில் இருந்து எடுத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாக வாசித்தேன். நான்காவது வரியில் இருந்தது: 'றொட்டவின் கடைசி இடம் நம்பிக்கையான ஆளுக்குத்தான். படை திரும்பினால் அவரே முதலாமவர்.'

வீடு கூட்டும் தும்புத்தடியை ஈட்டி போலத் தோளில் வைத்தேன். குசினியின் நடுவில் நின்று பின்னுக்குத் திரும்பினேன். வலது பக்கமாக நான்கு அடி நடந்தேன். பிறகு தாளை முதலில் இருந்து உரத்து வாசித்து முடித்து, ஒருவரும் இல்லாத குசினியில், "ஓம்" என்றேன்.