இரண்டு விநாடி மீது ஒரு விசாரணை

வெல்டன் கிரீக் பள்ளி நிர்வாகக் குழுவின் மாதாந்திரக் கூட்டம் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளி நூலகத்தில் முறைப்படி தொடங்கியது. கொடிக்கு வணக்கம் செலுத்தப்பட்டது. சென்ற மாதக் குறிப்புகள் வாசிக்கப்பட்டதாகக் கருதப்பட்டன. பொருள் எண் ஒன்று: நூலகக் கூரை ஒழுகுதல். அதற்குச் சாட்சியாக அறையின் நடுவில் ஒரு நீல வாளி வைக்கப்பட்டிருந்தது. மழைநீர் சொட்டுச் சொட்டாக அதில் விழுந்து தன் தரப்பை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

"கூரை எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றார் குழுத் தலைவர் டுவைட் கூசெரா. விதையும் உரமும் விற்பவர். "முதல்ல ஊரே கொதிச்சுக் கிடக்குற விஷயத்தைப் பேசுவோம்."

கூரை ஏகமனதாக ஒத்திவைக்கப்பட்டது.

ஊர் கொதித்த விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் வெல்டன் கிரீக் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடியப் பதினோரு விநாடி. எல்லைக்கோட்டுக்கு இரண்டே கெஜம்; பந்தோடு அதைத் தாண்டினால் ஆறு புள்ளி. பந்து குவார்ட்டர்பேக் கோல்பி வாவ்ராவின் கைக்கு வந்தது. தூக்கிக்கொண்டு ஓடுவதா, யாருக்காவது எறிவதா என்று முடிவெடுக்க வேண்டியவன் குவார்ட்டர்பேக். கோல்பி எறிந்தான். எதிரணிப் பையன் ஒருவன் தாவிப் பிடித்துக்கொண்டான். அத்தோடு ஆட்டம் முடிந்தது, பேச்சு தொடங்கியது.

குழுவின் எழுத்தர் பெயர் லோரெட்டா வாவ்ரா. ஆமாம், கோல்பியின் அம்மாதான். பதினோரு ஆண்டுகளாக இந்தக் குழுவின் நடவடிக்கைகளை ஒரு எழுத்து பிசகாமல் பதிவு செய்துவருபவள். எழுத்தருக்கு வாக்கு கிடையாது, பேச்சும் கிடையாது, பேனா மட்டும் உண்டு. ஆனால் பொதுமக்கள் கருத்து சொல்லும் வேளையில் ஊரார் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம் என்பது விதி. தானும் ஊரார்தானே என்று நினைத்து, சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி நாலாக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். அவனுக்கு வயது பதினேழு, அவனுக்குக் கிடைத்தது இரண்டு விநாடி, தயவுசெய்து அவனைச் சும்மா விடுங்கள். அவ்வளவுதான் அதில் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். மூன்று நிமிடத்தை அளக்க, பள்ளிச் சமையலறையிலிருந்து முட்டை வேகவைக்க நேரம் குறிக்கும் மணியைக் கொண்டுவந்து திருகுவது எழுத்தரின் கடமை. தன் நேரத்தைத் தானே அளந்துகொள்ள விதி இடம் தருகிறதா என்று லோரெட்டாவுக்குத் தெரியவில்லை. அதனால் அவள் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் மணியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

முதலில் வந்தவர் பன்றி வளர்க்கும் மார்வ் ஸ்டென்பெர்க்.

"ரெண்டு கெஜம்யா! ரெண்டே ரெண்டு கெஜம்! எங்க வீட்டுப் பன்னி கண்ணை மூடிக்கிட்டு முட்டிட்டுப் போயிருக்கும்."

"உங்க பன்னியை எட்டுப் பேரு மறிச்சிருக்காங்களா மார்வ்?" என்று கேட்டார் பள்ளி அணியின் கோச் ரூசிச்கா. ஊரில் பையன்கள் பற்றாததால் இங்கே பதினோரு பேருக்குப் பதில் பக்கத்துக்கு எட்டுப் பேர் ஆட்டம்தான்.

"கோச், நீங்க அப்புறம் பேசலாம். தடுப்பாட்டத்தைப் பத்தி நீங்க வாயைத் திறக்கவே கூடாது. நாப்பத்தாறு புள்ளி விட்டுக் கொடுத்திருக்கீங்க. எட்டுப் பேரும் பாய்ஞ்சு போயி அவனுங்க குவார்ட்டர்பேக்கை அமுக்க வேணாமா?"

"எட்டுப் பேரும் பாய்ஞ்சா பின்னாடி யாருய்யா காவல்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். "எட்டுப் பேரும் பின்னாடி நிக்கணும். வர்றவன் வரட்டும்!"

"வந்துட்டுத்தானய்யா போனான், ஏழு தடவை!"

மணி அடித்தது. அடுத்துக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற பல் மருத்துவருமான வெர்னன் லிண்டெல் மடிக்கணினியைத் திறந்தார். இவர் போன வருடம் வரை பல்லைப் பற்றி மட்டுமே பேசுவார். இப்போதைய நாகரிகத்துக்கு ஏற்ப எதையும் 'தரவு' என்ற சொல் இல்லாமல் பேசுவதில்லை. பேத்தி பிறந்ததைக்கூட வரைபடமாகத்தான் அறிவித்தார்.

"தரவு என்ன சொல்லுதுன்னா, பையன் ஓடியிருந்தா வெற்றி வாய்ப்பு அறுபத்திரண்டு புள்ளி நாலு சதவீதம்."

"அந்தப் புள்ளி நாலு எங்கேருந்து வந்துச்சு டாக்டர்?" என்றார் கோச்.

"அது இல்லாட்டி யாரும் நம்ப மாட்டாங்க."

இதன் பிறகு, இயற்கை நீதி கருதி, மேற்படி மாணவரின் தரப்பும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கோல்பி முன்கூட்டியே பூர்த்தி செய்திருந்த 'முடிவெடுத்தமைக்கான விளக்கப் படிவ'த்தை லோரெட்டாவே உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. பரிசீலிக்கப்பட்ட மாற்று வழிகள் எத்தனை? 'ஒரு பெரிய ஆள் வந்தான்.' முடிவெடுக்க எடுத்துக்கொண்ட காலம்? 'ரெண்டு விநாடி.' முடிவெடுக்குமுன் யாரைக் கலந்தாலோசித்தீர்கள்? 'வந்த ஆளைக் கேட்டிருக்கலாம். அவன் அவசரத்தில் இருந்தான்.'

அந்த இரண்டு விநாடியைக் குழு இரண்டே முக்கால் மணி நேரம் அலசியது. ஒரு மனிதன் இரண்டு விநாடியில் முடிவெடுப்பது பொறுப்பற்ற செயல் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. எனவே முடிவை முன்கூட்டியே, நிதானமாக, உட்கார்ந்தபடி எடுத்துத் தருவதென்று குழு முன்வந்தது.

தீர்மானம் ஒன்று: எல்லைக்கோட்டுக்கு ஐந்து கெஜத்துக்குள் இருக்கும்போது குவார்ட்டர்பேக் பந்தை எறியலாகாது. தானே தூக்கிக்கொண்டு இடது பக்கமாக ஓட வேண்டும். தீர்மானம் இரண்டு: தடுப்பாட்டத்தில் எட்டுப் பேரும் பாய வேண்டும் என்ற தரப்பையும், எட்டுப் பேரும் பின்னால் நிற்க வேண்டும் என்ற தரப்பையும் மதித்து, எப்போதும் நான்கு பேர் பாய, நான்கு பேர் நிற்பார்கள். தீர்மானம் மூன்று: வரும் வெள்ளிக்கிழமை ஆர்லோ ஊருடன் நடக்கும் ஆட்டத்தில் தோற்றால், மேற்படி கோல்பி வாவ்ரா மிச்சமுள்ள இரண்டு ஆட்டங்களுக்கும் குவார்ட்டர்பேக் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டுத் தண்ணீர் பாட்டில் பிரிவுக்கு மாற்றப்படுவார்.

லோரெட்டாவின் பேனா நின்றது.

"மனசுல வச்சுக்காதம்மா லோரெட்டா" என்றார் தலைவர் கனிவாக. "இது கோல்பியைப் பத்தினது இல்ல. குவார்ட்டர்பேக்கைப் பத்தினது."

லோரெட்டா மேசையைச் சுற்றிப் பார்த்தாள். இவர்களில் ஒருவருக்காவது ஓடிவரும் ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டே யோசித்த அனுபவம் உண்டா? டுவைட் மதியச் சாப்பாட்டுக்கு மிளகாய்ச் சாற்றில் வெந்த பீன்ஸா, ரொட்டியா என்று முடிவெடுக்கக் கால் மணி நேரம் நிற்பார், அவருக்குப் பின்னால் வரிசையே நிற்கும். அதையெல்லாம் அவள் குறிப்பில் எழுதவில்லை. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினாள்.

பொதுக் குழுக்களின் தீர்மானங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது வெளிப்படைச் சட்டம். செவ்வாய்க்கிழமை காலை லோரெட்டா மூன்று தீர்மானங்களையும் தட்டச்சு செய்து, தபால் நிலையத்து அறிவிப்புப் பலகையில் நான்கு மூலைக்கும் ஊசி குத்தி மாட்டினாள்.

புதன்கிழமை அலுவலக ஜன்னலில் ஒரு மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஆர்லோ அணியின் கோச் ஸ்ட்ராண்ட்.

"வணக்கம் மேடம். தபால் நிலையத்துல முதல் பக்கம் நல்லா தெரியுது. ரெண்டாம் பக்கம் முதல் பக்கத்துக்குப் பின்னால மறைஞ்சு கிடக்கு. ஒரு நகல் கிடைக்குமா?"

"நீங்க எங்களோட ஆடப்போற ஊர்க்காரர் ஆச்சே!"

"நானும் பொதுமக்கள்ல ஒருத்தன்தான் மேடம். நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கப் பொதுமக்கள்தானே."

சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. நகல் கொடுத்தாள். அவர் நின்ற இடத்திலேயே வாசித்தார். "இவ்வளவு தெளிவா ஒரு நிர்வாகம் எழுதி நான் பார்த்ததே இல்ல" என்று மனமாரப் பாராட்டிவிட்டுப் போனார்.

லோரெட்டா உடனே தலைவருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, ஆர்லோ கோச் எல்லாத்தையும் வாசிச்சுட்டுப் போயிட்டாரு. தீர்மானத்தை மாத்துங்க."

"மாத்தணும்னா புதுக் கூட்டம் போடணும். கூட்டம் போட்டா அறிவிப்பு ஒட்டணும். புதுத் தீர்மானத்தையும் ஒட்டணும். அதையும் வந்து வாசிப்பாரேம்மா."

"அப்ப வேற மாதிரி ஆடச் சொல்லி ரகசியமா கோச் ரூசிச்கா காதுல சொல்லிடுங்களேன்."

"லோரெட்டா!" தலைவர் இடைமறித்தார். "அது சட்டவிரோதம். நாம தோக்கலாம். முறைகேடா ஜெயிக்கக் கூடாது."

"தோத்தா என் பையனை இல்ல பாட்டில் தூக்க வைப்பீங்க?"

"அதுவும் முறைப்படிதான் நடக்கும். நீ கவலைப்படாத."

வெள்ளிக்கிழமை ஊரே மைதானத்தில் இருந்தது. பீன்ஸும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் தட்டில் வைத்துக்கொண்டு, வாயில் உணவு இருந்தபோதும் ஆலோசனை நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். லோரெட்டா குளிருக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். தடுப்பாட்டம் தீர்மானப்படியே நடந்தது: நான்கு பேர் பாய்ந்தார்கள், நான்கு பேர் நின்றார்கள், ஆர்லோ பையன்கள் பாய்ந்தவர்களுக்கும் நின்றவர்களுக்கும் நடுவே சௌகரியமாகப் போய்வந்தார்கள். கோல்பி எறிந்தும் ஓடியும் ஈடுகொடுத்தான். இரண்டாவது பகுதியில் தங்கள் பதினோராம் எண் பையன் ஆளில்லாத இடத்தில் கையை ஆட்டிக்கொண்டு நின்றதையும், கோல்பி அவனைக் கவனிக்காததையும் லோரெட்டா பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி ஏழு விநாடி. நான்கு புள்ளி பின்னால். எல்லைக்கோட்டுக்கு இரண்டு கெஜம். ஆண்டவனுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு போலும்.

ஆர்லோ பையன்கள் எட்டுப் பேரில் ஏழு பேர் இடது பக்கம் போய்க் குவிந்தார்கள். எட்டாவது ஆள் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். பந்து கைக்கு வந்தது. கோல்பி வலது பக்கம் திரும்பி நடையும் ஓட்டமுமாக எல்லைக்கோட்டைத் தாண்டினான்.

லோரெட்டா அழுதேவிட்டாள். பாட்டில் பிரிவு ஒழிந்தது என்பதுதான் அவள் நெஞ்சில் முதலில் வந்தது. காரில் வரும்போது கேட்டாள்:

"தீர்மானம் இடதுன்னு இருந்துச்சேடா?"

"இடது பக்கம் ஏழு பேரு நின்னாங்கம்மா. வலது பக்கம் புல்லு நின்னுச்சு."

அடுத்த திங்கட்கிழமை சிறப்புக் கூட்டம். மழை விட்டபாடில்லை. வாளி விளிம்பு வரை வந்திருந்தது. பொருள் எண் ஒன்று, கூரை, ஒத்திவைக்கப்பட்டது. கோல்பி பின் வரிசையில், அம்மாவோடு வீட்டுக்குப் போகக் காத்திருந்தான்.

"எதிரியை இடது பக்கம் இழுத்துக் குவிக்கணுங்கிறதே தீர்மானத்தோட உள்நோக்கம்" என்றார் தலைவர். "அது பூரண வெற்றி."

"தரவுப்படி இந்த மாதிரி ஓட்டத்துக்கு மூணு புள்ளி ஒண்ணு சதவீதம்தான் வாய்ப்பு" என்றார் டாக்டர். "முடிவு தப்பு. விளைவு மட்டும் சரி. இதை ஊக்குவிக்கக் கூடாது."

"கட்டின ஷூவோட எட்டாவது ஆள் நின்னிருந்தா?" என்றார் மார்வ். ஜெயித்த ஆட்டத்தையும் அவர் மூன்று நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தார்.

இறுதியில், வெற்றிக்காக மேற்படி மாணவருக்குப் பாராட்டும், தீர்மானத்தை மீறி அதைப் பெற்றதற்காகக் கண்டனமும் ஒரே வாக்கியத்தில் நிறைவேற்றப்பட்டன.

"வேற யாருக்காவது கருத்து உண்டா?"

லோரெட்டா பேனாவை மூடினாள். பதினோரு ஆண்டில் முதல் தடவையாகக் கையைத் தூக்கினாள். மணியை டாக்டரிடம் நீட்டினாள். நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்தாள்.

"அவனுக்கு வயசு பதினேழு. அவனுக்குக் கிடைச்சது ரெண்டு விநாடி. நாமெல்லாம் மூணு மணி நேரம் உக்காந்து அதைப் பேசுறோம். ஓடி வர்ற ஆளைப் பார்த்துக்கிட்டு முடிவெடுக்குறது என்னன்னு நமக்குத் தெரியாது. தயவுசெஞ்சு அவனைச் சும்மா விடுங்க."

மார்வ் தரையைப் பார்த்தார். கோல்பி அம்மாவை நிமிர்ந்து பார்த்தான், இவ்வளவு நாளில் அவள் அவனுக்காகப் பேசி அவன் கேட்டதில்லை.

மணியில் இன்னும் இரண்டரை நிமிடம் மிச்சமிருந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள் லோரெட்டா.

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ரெண்டாவது பகுதியில பதினோராம் நம்பர் பையன் தனியா நின்னான். பக்கத்துல ஈ காக்கா இல்ல. அவனுக்கு எறிஞ்சிருந்தா கடைசி விநாடி வரைக்கும் வந்திருக்கவே வேணாம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்று மார்வ் எழுந்தார்.

"தடுப்பாட்டத்துல நாலு நாலுன்னு பிரிச்சதும் தப்பு. அஞ்சு பாயணும், மூணு நிக்கணும்" என்று தொடங்கி ஒவ்வொரு ஆளையும் எங்கே நிறுத்துவதென்று விளக்கினாள்.

மணி அடித்தது. லோரெட்டா கூடுதல் மூன்று நிமிடம் கோரினாள். குழு ஏகமனதாக வழங்கியது. நாற்காலிகள் அவளைச் சுற்றி நகர்ந்தன. அவள் காகிதத்தின் பின்பக்கத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டத் தொடங்கினாள்.

அப்போது வாளி வழிந்தது. தண்ணீர் புத்தக அலமாரியை நோக்கி ஓடியது. கோல்பி எழுந்து, யாரிடமும் கேட்காமல், வாளியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கக் கதவை நோக்கி நடந்தான்.

"டேய் கோல்பி, அந்தக் கதவு இல்லடா! வலது பக்கம் போ!" என்று கத்தினாள் லோரெட்டா.

"இடதுதான் கிட்ட!" என்றார் தலைவர்.

"தரவைப் பார்க்காம யாரும் எதுவும் சொல்ல வேணாம்" என்று டாக்டர் மடிக்கணினியைத் திறந்தார்.

கோல்பி நின்றான். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். அம்மாவின் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். பிறகு வாளியைப் பழைய இடத்திலேயே, சொட்டுக்கு நேர் கீழே, தளும்பத் தளும்ப வைத்தான்.

"தீர்மானம் போட்டுட்டுச் சொல்லுங்கம்மா. நான் கார்ல இருக்கேன்."

லோரெட்டா பேனாவைத் திறந்தாள். வாளி விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஏகமனதாக ஒத்திவைக்கப்பட்டது என்று, ஈரமான காகிதத்தில், தெளிவான எழுத்தில் பதிவு செய்தாள்.